நஷ்டஈடு கட்டிய டர்போ

நஷ்டஈடு தம் வாழ்நாளில் செய்யாமல் விட்ட காரியங்கள் அத்தனைக்கும் ஒரே ஒரு காரணம் வைத்திருந்தார். அந்தக் காரணம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வேலை பார்த்தது.

நஷ்டஈடு என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் அடிபட்ட வண்டிகளுக்கான பிரிவில் அவர் இருந்தார். நசுங்கிய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, 'தேறும்', 'தேறாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது உத்தியோகம். அதனால் தெருவே அவரை அப்படிக் கூப்பிட்டது. கல்யாணமான புதிதில் அந்தப் பட்டப்பெயரைக் கேட்ட டீச்சர், தனக்கு நேர்ந்ததைப் பற்றித்தான் ஊர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டாராம்.

வெளிநாட்டு வேலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால், "இவ விடல" என்பார். நீச்சல் ஏன் பழகவில்லை? இவ விடல. மொட்டைமாடியில் காளான் வளர்க்கப் போவதாகச் சொன்னாரே, அது என்ன ஆயிற்று? "விட்டாத்தானே." இதைச் சொல்லும்போது கூடவே ஒரு பெருமூச்சும் விடுவார். டீச்சர் விடாததையெல்லாம் சேர்த்து வைத்துத்தான் அவர் கதை விட்டுக்கொண்டிருந்தார். கேட்பவர்கள் 'பாவம்' என்பார்கள். அந்தப் பாவத்தைத் தின்றே அவருக்கு ஒரு சுற்று உடம்பு போட்டிருந்தது.

அவரிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. வயசான கார். ஊருக்கு நடுவே இருக்கும் மேம்பாலத்தில் ஏறும்போது முட்டிவலிக்காரர் மாடிப்படி ஏறுகிற மாதிரி முனகும். அப்போதெல்லாம் டீச்சர் மடியில் இருக்கும் பையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வார், வண்டிக்குப் பாரம் குறையட்டும் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சருடைய தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு. போகிற வழியில் அந்த மச்சானே பாலத்தில் பின்னாலிருந்து வந்து, கையை ஆட்டிவிட்டு முந்திப் போனான். புதுக் கார். டர்போ வைத்தது. முந்திப் போனதுகூடப் பரவாயில்லை. ஐஸ்கிரீம் வாங்க மறந்துவிட்டதென்று திரும்பிப் போய், வாங்கிக்கொண்டு, மறுபடியும் பின்னாலிருந்து வந்து, மறுபடியும் கையை ஆட்டிவிட்டு முந்திப் போனான். இவர்கள் அதே பாலத்தில்தான் இருந்தார்கள்.

சாப்பாட்டு மேஜையில் மச்சான் டர்போவின் பெருமையை விளக்க ஆரம்பித்தான். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுமாம். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்குமாம். காற்று கூடினால் நெருப்பு கூடும், நெருப்பு கூடினால் வேகம் கூடும், அடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதுகிற மாதிரி. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பெரியவர் தாம் இருக்க, சின்னவன் வாயை எல்லோரும் பார்ப்பது நஷ்டஈட்டுக்குப் பொறுக்கவில்லை. அதில் என்ன பிரமாதம் என்றார். தாம் தேறாது என்று தள்ளிய வண்டிகளில் எத்தனையோ டர்போ சும்மா கிடக்கிறது, பழைய இரும்புக் கடையில் ஒன்றைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே தம் கார் எஞ்சினில் பூட்டிவிடலாம், செலவும் சொற்பம் என்றார். மேஜையே இப்போது அவர் பக்கம் திரும்பியது. அந்தச் சுகத்தில் இன்னும் கொஞ்சம் போனார். தாமே கழற்றி, தாமே மாட்டி, அதே பாலத்தில் மச்சானை முந்திக் காட்ட முடியும் என்றும் சொல்லிவிட்டார்.

"அப்ப செய்ய வேண்டியதுதானே மாமா," என்றான் மச்சான்.

நஷ்டஈடு பெருமூச்சுக்காகக் காற்றை உள்ளே இழுத்தார். "செய்யலாம்தான். உங்க அக்கா விடணுமே."

தண்ணீர் ஜாடியோடு வந்துகொண்டிருந்த டீச்சர், ஜாடியை மேஜையில் வைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார். "செய்யுங்க."

இழுத்த மூச்சு நஷ்டஈட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது பாலத்தின் அடியிலேயே பேச்சை ஆரம்பித்தார்.

"நிஜமாத்தான் சொன்னியா?"

"ம்."

"எஞ்சினைக் கழட்டிட்டா நீ பஸ்லதான் ஸ்கூலுக்குப் போகணும்."

"போறேன்."

"வீடு பூரா கிரீஸ் ஆகும்."

"துடைச்சாப் போச்சு."

"செலவு இழுத்துட்டுப் போகும்."

"சொற்பம்னு சொன்னீங்களே."

பாலத்தின் உச்சி வந்தது. பின்னால் ஒரு லாரி ஒலி எழுப்பியது. அதைக்கூடத் தம்மைத் திட்டுவதாக அவர் எடுத்துக்கொண்டார்.

பழைய இரும்புக் கடையில் டர்போ கிடைக்காது என்பதுதான் அடுத்த நம்பிக்கை. மலைபோல் குவிந்த கதவுகளுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே போய் நின்று, 'உங்ககிட்ட இருக்காதுன்னு தெரியும், சும்மா கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்' என்று ஆரம்பித்தார். கடைக்காரர் ஒரு சாக்குப்பையை நீட்டினார். உள்ளே டர்போ. காலையிலேயே டீச்சர் போன் பண்ணிச் சொல்லிவிட்டாராம். கடைக்காரர் டீச்சரிடம் படித்தவர். வாய்ப்பாடு ஒப்பிக்காமல் வகுப்புக்கு வெளியே நின்ற நாட்களை நினைத்து இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினார். அந்த டர்போ ஒரு நொறுங்கிய வேனில் இருந்தது. வேனின் கண்ணாடியில் 'தேறாது' என்ற சீட்டு ஒட்டியிருந்தது. கீழே நஷ்டஈட்டின் கையெழுத்து.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது வாயால் மட்டும் கெட்டது.

கடைக்காரரே ஆள் கூட்டி வந்து காரிலிருந்து எஞ்சினை இறக்கினார். எங்கே வைப்பது என்று கேட்டபோது நஷ்டஈடு வேண்டுமென்றே கூடத்தைக் காட்டினார். சோபாவுக்கு எதிரே, வீட்டின் நட்டநடுவே. எந்தப் பெண்பிள்ளை சம்மதிப்பாள்? டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சோபாவை ஒரு மூலைக்குத் தள்ளி, பழைய போர்வை ஒன்றை விரித்தார். ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக விழும், இங்கேயே வையுங்கள் என்றார்.

அப்படித்தான் அது குடிவந்தது. வந்த விருந்தாளி போகாமல் தங்கிவிட்ட மாதிரி.

மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்து போனது. நஷ்டஈட்டுக்கு வந்ததெல்லாம் முதுகுவலி. நட்டு ஒன்று கழன்றால் இன்னொன்று உருண்டு அலமாரிக்கு அடியில் போகும். அதை எடுக்கப் படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் காலையில் குட்மார்னிங் சொல்வதை விட்டுவிட்டு, "டர்போ எந்த மட்டுக்கு வந்திருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வழக்கமான பதிலைச் சொல்ல வழியில்லை. மச்சான்தான் ஊர் முழுக்கத் தமுக்கடித்திருந்தானே, அக்கா பச்சைக்கொடி காட்டிவிட்டாள் என்று.

அவரும் சும்மா இருக்கவில்லை. டீச்சரின் பொறுமையை உடைத்துவிட்டால் போதும், எஞ்சின் தானாக வெளியேறிவிடும் என்று கணக்குப் போட்டார். கணக்கு டீச்சரிடம் போட்ட கணக்கு. சமையலறையிலிருந்து பெரிய பாத்திரத்தை எடுத்து மண்ணெண்ணெய் ஊற்றி டர்போவை ஊறப் போட்டார். டீச்சர் வந்து பார்த்து, அந்தப் பாத்திரத்தின் அடியில் ஓட்டை இருக்கிறது, ஒழுகும் என்று சொல்லி, அதைவிடப் பெரிய பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் விடைத்தாள் திருத்துகிற நேரம் பார்த்து நஷ்டஈடு இரும்பை அரத்தால் ராவினார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இது தாலாட்டு என்று சொல்லிவிட்டு, டீச்சர் நாற்காலியிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்தார். குனிந்து வேலை செய்யக் கூடாதென்று டாக்டர் சொன்னதாக நஷ்டஈடு சொல்லிப் பார்த்தார். மறுநாள் எஞ்சினே ஒரு மேஜைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. தூக்கி வைத்தவர்கள் பழைய மாணவர்கள். டர்போவை எஞ்சினோடு இணைக்கிற இரும்புக் குழாயைப் பற்றவைக்க ஊரில் நல்ல வெல்டர் இல்லை என்று கடைசி அஸ்திரத்தை விட்டார். சாயங்காலம் வாசலில் ஒரு வெல்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "டீச்சர் இருக்காங்களா சார்?"

அந்த ஊரில் எங்கே ஒளிந்துகொள்ளப் போனாலும், அங்கே டீச்சரிடம் படித்தவர் ஒருவர் முன்னாடியே உட்கார்ந்திருந்தார்.

டர்போவின் வேலையே அழுத்தம் கொடுப்பதுதான். அதிகம் பேசாது, குரலை உயர்த்தாது, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். தாம் பல வருஷமாக அப்படி ஒன்றோடுதான் குடித்தனம் செய்துகொண்டிருக்கிறோம் என்பது நஷ்டஈட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. டீச்சரைச் சொந்தக்காரர்கள் சும்மாவா அழுத்தக்காரி என்று சொன்னார்கள்?

ஒரு சனிக்கிழமை மதியம் நல்ல மழை. கரண்ட் போய்விட்டது. எஞ்சினுக்கு அடியில் கையை விட்டு ஒரு நட்டைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார் நஷ்டஈடு. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, நனைந்த புடவை முந்தானையைப் பிழிந்துவிட்டு, உடை மாற்றக்கூடப் போகாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடித்தார்.

"நீ ஏன் ஒரு தடவைகூட வேண்டாம்னு சொல்ல மாட்டேங்கற?" என்றார் நஷ்டஈடு. குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

டீச்சர் டார்ச்சை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "எங்க ஸ்கூலுக்குப் புதுசா ஒரு டீச்சர் வந்திருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் உங்க ஆபீஸ்தான். முதல் நாள் என்னைப் பார்த்ததும் என்ன கேட்டாங்க தெரியுமா? 'வீட்டுக்காரரை ஒண்ணுமே செய்ய விடாத டீச்சர் நீங்கதானா'ன்னு கேட்டாங்க. என் பேரைக் கேட்கல."

நஷ்டஈடு எஞ்சினுக்கு அடியிலிருந்து கையை எடுத்தார்.

"நீச்சல் பழக வேண்டாம்னு நான் எப்பங்க சொன்னேன்?"

அவர் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். மழை வலுத்தது.

"புது டவல் வாங்கி வெச்சேன்," என்றார் டீச்சர். "அந்த டவல்லதான் இப்ப எண்ணெய் துடைச்சிட்டு இருக்கீங்க."

நஷ்டஈடு கையிலிருந்ததைப் பார்த்தார். நல்ல டவல். கரையில் ஒரு மீன்கூடப் போட்டிருந்தது.

"எனக்கும் களைப்பா இருக்குங்க. செய்யாத தப்புக்கு எத்தனை வருஷம்தான் பேர் வாங்கறது? க்ளாஸ்ல ஒரு பையன், எனக்குத் தெரியும் டீச்சர், நீங்க விட்டா நான் போர்டுல போட்டுடுவேன்னு சொன்னா, நான் வாதாட மாட்டேன். சாக்பீஸைக் கையில கொடுத்துடுவேன். அவ்வளவுதான்." பிறகு டார்ச்சைச் சரியாகப் பிடித்தார். "அந்த நட்டு இடது பக்கம் இருக்கு. அங்க தேடாதீங்க."

நட்டு இடது பக்கம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் டீச்சரைச் சீண்டவில்லை. நட்டை முடுக்கினார், குழாயை மாட்டினார், மறுபடி கழற்றினார். வேறு வழியில்லாததால் வேலை நடந்தது. வேலை நடந்ததால் எஞ்சினுக்கு ஒரு உருவம் வந்தது. லாரியின் ரப்பர் குழாய், வேனின் டர்போ, எந்த வண்டியுடையது என்று கடைக்காரருக்கே தெரியாத ஒரு குளிர்விப்பான், எல்லாம் சேர்ந்து பல வீடுகளில் இரவல் வாங்கிய நகைபோட்ட மணப்பெண் மாதிரி அது நின்றது. டீச்சர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதன்மேல் தட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார். நஷ்டஈடு அதையும் பார்த்தார். தம் தோளில் அவர் கடைசியாக எப்போது தட்டினார் என்று நினைவு வரவில்லை.

ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தது. எஞ்சினைத் திரும்பக் காருக்குள் இறக்கி, கடைக்காரரும் வெல்டரும் கடைசி முடுக்கு முடுக்கினார்கள். தெரு முழுக்கக் கூடிவிட்டது. மச்சான் தன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நஷ்டஈடு உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் டீச்சர். சாவியைத் திருப்பினார்.

பிடித்துக்கொண்டது.

அதை அவரே எதிர்பார்க்கவில்லை. மெதுவாகத் தெருவில் ஓட்டி வந்து, முக்கு வரைக்கும் நேராக இருக்கும் இடத்தில் காலை அழுத்தினார். எங்கிருந்தோ ஒரு சீழ்க்கை கிளம்பியது. மெல்லியதாக ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது. கார் துள்ளியது. அவர் முதுகு சீட்டில் போய் ஒட்டியது. இத்தனை வருஷத்தில் அந்த சீட்டுக்கும் அவர் முதுகுக்கும் அப்படி ஒரு நெருக்கம் ஏற்பட்டதே இல்லை. பக்கத்தில் டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எவ்வளவு பழையது என்று நஷ்டஈடு நினைத்துப் பார்ப்பதற்குள், பின்கண்ணாடியில் இருந்த தெரு காணாமல் போய்விட்டது.

புகை. நீலமும் வெள்ளையுமாக, கொசுமருந்து அடித்த மாதிரி. வாழ்நாளெல்லாம் பெருமூச்சு விட்டவருடைய வண்டி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் விட்டது. முக்குக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டு தரம் இருமி, நின்றுவிட்டது.

தெருவே வந்து தள்ளியது. டீச்சரும் இறங்கித் தள்ளினார். வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது எல்லோர் மூக்கும் கருத்திருந்தது. கூட்டம் அவரைச் சுற்றி நின்றது.

"என்ன மாமா ஆச்சு?" என்றான் மச்சான். "நல்லாத்தானே கிளம்பினீங்க. அக்கா ஏதாவது அவசரப்படுத்தினாளா?"

பழைய சாக்குக்குக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே நுழைய வேண்டியதுதான் பாக்கி. நாக்கு நுனிக்கு அந்த வார்த்தை வந்துவிட்டது, பெருமூச்சும் துணைக்கு வந்து நின்றது. நஷ்டஈடு டீச்சரைப் பார்த்தார். நெற்றியில் கரி. கையில் அந்த மீன் போட்ட டவல். டீச்சர் அவரைப் பார்க்கக்கூட இல்லை. என்ன வரும் என்று தெரிந்தவர் முகம் அது. பல வருஷம் கேட்டுக் கேட்டு அலுத்த முகம்.

"இல்லப்பா," என்றார் நஷ்டஈடு. "யாரும் ஒண்ணும் பண்ணல. எனக்குத்தான் செய்யத் தெரியல. என்னால முடியல."

சுவாரசியம் இல்லாத பதில். 'பாவம்' என்றுகூட யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் டீச்சர் டீ போட்டுக் கொண்டுவந்தார். கூடவே ரொட்டியும் வெண்ணெயும் வந்தன. கேட்காமலே வந்தன. நஷ்டஈட்டுக்கு உடம்பு லேசாக இருந்தது. முடியவில்லை என்று சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால், இத்தனை காலம் இத்தனை பெருமூச்சு செலவழித்திருக்க வேண்டாம். அந்தத் தெம்பில், நாளைக்கே கடைக்காரரை வரச்சொல்லி டர்போவைக் கழற்றிக் கொடுத்துவிடலாம், காரைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்றார்.

டீச்சர் டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தார். காரின் முன்மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வாங்களேன். டர்போல இருந்து எண்ணெய் திரும்பி வர்ற குழாய், இது மேல ஏறி அப்புறம் இறங்குது, அதான் எண்ணெய் தேங்கிப் புகையா வந்திருக்கு. நம்ம சமையலறைத் தொட்டிக் குழாய் இப்படி இருந்தப்ப தண்ணி போகாம பொங்கி வழிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? இதைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி வெச்சா…"

"வேண்டாம்," என்றார் நஷ்டஈடு.

அவருக்கே ஆச்சரியம். தம் வீட்டில் தம் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எத்தனை காலம் ஆயிற்று. அதனால் இன்னொரு தரமும் சொன்னார். "வேண்டாம். அதைத் தொடாதே. எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேணும். போதும்."

டீச்சர் முன்மூடியை மெதுவாக இறக்கினார்.

"சரிங்க," என்றார்.

அவ்வளவு பணிவான 'சரி' அந்த வீட்டில் அதற்குமுன் ஒலித்ததில்லை. புத்தியுள்ளவனாக இருந்தால் அப்போதே பயந்திருப்பான். நஷ்டஈடு இன்னொரு ரொட்டித் துண்டு எடுத்துக்கொண்டார்.

கடைக்காரர் வந்து டர்போவையும் குழாய்களையும் கழற்றிக்கொண்டு போனார். கார் பழையபடி ஆயிற்று. கூடம் கூடமாயிற்று. நஷ்டஈடு சோபாவில் படுத்துத் தூங்கினார். எழுந்து சாப்பிட்டார். மறுபடி தூங்கினார்.

அடுத்து மச்சான் வீட்டில் அவன் பெரிய மகளின் பிறந்தநாள். பாலத்தில் ஒரு பஸ் அவர்களை முந்திப் போனது. ஒரு சைக்கிள்காரர்கூட இறங்கித் தள்ளிக்கொண்டே பக்கத்தில் கொஞ்ச தூரம் துணைக்கு வந்தார். நஷ்டஈட்டுக்கு மனத்தில் ஒரு சலனமும் இல்லை. யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லாத மனிதனாக அவர் அந்த வீட்டுக்குள் போனார். ஒரு நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. யாரும் அவரிடம் பேச வரவில்லை. பெண்கள் எல்லோரும் டீச்சரைச் சுற்றி நின்றார்கள். மச்சானும் அங்கேதான் இருந்தான். அலுவலக நண்பர் ஒருவரும், புதிதாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்த டீச்சரும்கூட இருந்தார்கள். ஒருவர் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் அந்த எஞ்சினை விட்டுவிட்டீர்கள் என்று யாரோ கேட்டார்கள்.

டீச்சர் களைத்துப்போன ஒரு புன்னகை செய்தார். பிறகு காற்றை உள்ளே இழுத்து, நிதானமாக, அழகாக, ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஒரே ஒரு குழாயைத் திருப்பி வெச்சிருந்தா ஓடியிருக்கும். நான் செய்யறேன்னுதான் சொன்னேன். இவர் விடணுமே."